முதல் நாள் சாயங்காலம்

ஆடி 2, வெள்ளி

இந்த டைரி அரிசி மில்காரர் கொடுத்தது. தை மாதமே கொடுத்தார். இத்தனை நாளும் பீரோவில் சும்மா கிடந்தது. எனக்கு மறந்துபோகும் என்று எழுதவில்லை. எனக்கு எதுவும் மறப்பதில்லை. நாளைக்கு யாராவது "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று மறுத்தால் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டுவதற்காக எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். எழுத்து கோணலாக இருக்கும். விஷயம் கோணாது.

மண்டபத்துத் தேதிகளை எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போடப் போகிறார்களாம். மருமகள் சுகந்தியின் யோசனை. எந்த நாளில் யார் வீட்டுக் கல்யாணம் என்பது, என் வீட்டுக்காரர் கண்ணை மூடிய நாளிலிருந்து என் தலைக்குள்தான் இருக்கிறது. தாராபுரத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம்: பெரிய மண்டபத்தில் வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டால் அந்த நாள் அவர்களுடையது. ஒரு குடும்பத்தைக்கூட நாங்கள் திருப்பி அனுப்பியதில்லை.

"உங்களுக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா நாங்க யாரைப் போயி கேக்கறதுங்கத்தை?" என்றாள் சுகந்தி.

"எனக்கு என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாதுங். சும்மா சொன்னேன்."

சும்மா சொன்னாளாம். எழுதிவைத்துவிட்டேன்.

ஆடி 5, திங்கள்

ஆடியில் கல்யாணம் இல்லை. வெள்ளையடிப்பு நடக்கிறது. சமையல் கட்டின் கூரையில் கரி ஏறிக் கிடக்கிறது. இரண்டு முறை அடிக்கச் சொன்னேன்.

கம்ப்யூட்டருக்கு வேலை செய்கிறவள் திருப்பூரிலிருந்து வந்தாள். பெயர் மோகனப்பிரியா. பனியன் கம்பெனிகளுக்கு இந்த வேலையைச் செய்து பழகியவள். அமைதியான பெண். காபி கொடுத்தால் டம்ளரைத் தானே கழுவி வைக்கிறாள். பெட்டியைத் திறந்து ஒரு மாதிரிக் கல்யாணத்தைப் போட்டுக் காட்டினாள். 10/11 என்று இருந்தது.

"இது நவம்பர் பத்தா, அக்டோபர் பதினொண்ணா?" என்று கேட்டேன்.

"அக்டோபர் பதினொண்ணுங்கம்மா. அமெரிக்காக்காரங்களுக்குப் பண்ணினது. மாசம் முன்னால வந்துருச்சு."

"எந்த அமெரிக்காக்காரன் எம் மண்டபத்துல தாலி கட்டறான்?"

சிரித்தாள். உடனே மாற்றினாள். நாள் முதலில், மாதம் பிறகு.

எனக்குத் தமிழ்த் தேதிதான் கணக்கு என்றேன். உள்ளே இங்கிலீஷ் தேதியாக ஒரே மாதிரி வைத்துக்கொண்டால்தான் கணக்குத் தப்பாது, வெளியே எப்படி வேண்டுமானாலும் காட்டிக்கொள்ளலாம் என்றாள். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. அது எதிர்த்த மண்டபத்துக்காரியின் குணம், என் மண்டபத்துக்கு ஆகாது என்று சொன்னேன். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. சுகந்திக்குப் புரிந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தமிழ்த் தேதி காட்டுவதைப் பிறகு சேர்க்கலாம் என்று முடிவானது. முடிவெடுத்தவர்கள் அவர்கள்.

ஆடி 6, செவ்வாய்

இன்று முழுக்க மோகனப்பிரியாவின் கேள்வி. பந்தியில் எத்தனை பேர், அறை எத்தனை, ஜெனரேட்டர் யார் பொறுப்பு. பிறகு, "ஒரு கல்யாணத்துக்கு மண்டபம் எத்தனை நாளுங்கம்மா?" என்றாள்.

"ஒரு நாளு."

"ஒரு நாளுன்னா, காலைல இருந்து ராத்திரி வரைக்குங்களா?"

"ஏம்மிணி, உனக்குக் கலியாணம் ஆகலையா?"

"ரிஜிஸ்டர் ஆபீஸ்லங்கம்மா. அரை மணி நேரத்துல முடிஞ்சுது. அதனாலதான் கேக்கறேன். ஆரம்பிக்கற தேதி ஒரு கட்டம், முடியற தேதி ஒரு கட்டம்னு ரெண்டா வெச்சறலாங்களா? பின்னால தேவைப்பட்டா ஆகும்."

"ஒண்ண ரெண்டாக்கிச் சொல்றது எதிர்த்த மண்டபத்துக்காரி வேலை. நமக்கு ஒரு கலியாணம், ஒரு நாளு, ஒரு கட்டம்."

எழுதிக்கொண்டாள். போகும்போது வாசலில் நின்று, "அப்ப ஒரு கட்டந்தானுங்களே?" என்று இன்னொரு தரம் கேட்டாள். காது கேட்கவில்லையா என்றேன்.

ஆடி 9, வெள்ளி

சுகந்திக்கும் அந்தப் பெட்டிக்கும் சண்டை. ஜவுளிக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணம் ஐப்பசிக் கடைசியில். நாள் இன்னும் குறிக்கவில்லை. தேதிக் கட்டத்தில் "ஐப்பசி கடைசி" என்று அடித்தாள். அது வாங்க மாட்டேன் என்றது. இவளாக ஒரு தேதியைப் போடப் போனாள். மோகனா கையைப் பிடிக்காத குறை.

"தெரியலைன்னா காலியா விடுங்கக்கா. பொய்த் தேதி மட்டும் போட்டுறாதீங்க. காலியா இருந்தா யாராச்சும் கேப்பாங்க. பொய் இருந்தா எல்லாரும் நம்பிருவாங்க."

அது சரி. என் பிறந்த தேதி ஆதார் கார்டில் ஜூன் ஒன்று. பள்ளிக்கூடத்தில் சேர்த்த வாத்தியார் போட்டது. அந்த வகுப்பில் பாதிப் பேருக்கு அதே தேதி. கார்த்திகை தீபத்துக்கு முதல் நாள் சாயங்காலம் நான் பிறந்தேன் என்று என் ஆத்தா சொல்வாள். எங்கும் எழுதவில்லை. வருஷா வருஷம் ஜூன் ஒன்றாம் தேதி பாங்கிலிருந்து போனுக்கு வாழ்த்து வருகிறது. நான் திறந்து பார்ப்பதில்லை.

ஆடி 13, செவ்வாய்

வெற்றிலை மாற்றிய கல்யாணங்கள் அத்தனையும் நான் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, சுகந்தி காலண்டரைப் பார்த்து இங்கிலீஷ் தேதியாக்கி உள்ளே போட்டாள். ஆவணி ஐந்து, சர்க்கரை ஆலை மேஸ்திரி மகன். போன தடவை வாடகை நாற்காலியில் ஒன்றை உடைத்துவிட்டுச் சொல்லாமல் போனவர்கள். ஆவணி பன்னிரண்டு, மூலனூர்க்காரர்கள். ஆவணி பதினாறு, தேங்காய் மண்டி சென்னியப்பன் மகள்; முகூர்த்தம் விடிகாலை. தை வரைக்கும் சொன்னேன். ஒரு இடத்தில் நிற்கவில்லை.

மோகனா கட்டங்கள் சிவப்பாக மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "கம்ப்யூட்டர் தேவையில்லீங்கம்மா உங்களுக்கு" என்றாள்.

அதைத்தான் நானும் முதல் நாளே சொன்னேன்.

ஆடி 18, ஞாயிறு

பெருக்குக்கு அமராவதிக்குப் போனோம். தண்ணீர் முழங்கால் அளவுக்குத்தான். படித்துறையில் மாராத்தாள் நின்றிருந்தாள். தேங்காய் உடைக்கப் பேத்தியைக் கூட்டி வந்திருக்கிறாள். பேத்தி கல்யாண வயதுக்கு வளர்ந்துவிட்டது. நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பாள். மாரா மெலிந்திருக்கிறாள். கண்ணாடி மாற்றியிருக்கிறாள். அந்தப் பச்சைச் சேலை அவளுக்கு எடுப்பாக இல்லை.

மாரா என் கொழுந்தனார் சம்சாரம். அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது பெரிய மண்டபம் எங்களுக்கு, எதிர்த்தாற்போல் சின்ன மண்டபம் அவர்களுக்கு. அதில் சண்டை இல்லை. சண்டை அவள் மகன் கல்யாணத்தில் வந்தது, இருபத்தைந்து வருஷம் ஆகிறது. தட்டோடு வீட்டுக்கு வந்து பத்திரிகை வைத்தாள். அவள் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை எனக்கு நினைவிருக்கிறது: "திங்கக்கெழமை காலைல முகூர்த்தங்க்கா, வந்துருங்க." திங்கட்கிழமை காலை போனேன். பெரியம்மாவை, குடும்பத்துக்கு மூத்தவளை, மூன்றாம் பந்தியில் உட்கார வைத்தார்கள். எனக்கு இந்தப் பக்கம் பேண்டு வாசிக்கிற ஆள். அந்தப் பக்கம் யாரென்றே தெரியாது. பொரியல் தீர்ந்துபோய் அப்பளத்தை இரண்டாக வைத்தார்கள்.

அன்றிலிருந்து அந்தக் கேட்டுக்குள் நான் காலை வைக்கவில்லை. நான் ஏசி போட்ட பிறகு அவள் மண்டபத்துக்கு வருகிற கூட்டமும் குறைந்தது. போன ஆனியில் பாதி நாள் அங்கே விளக்கே எரியவில்லை. மாடி ஜன்னலிலிருந்து தெரியும். காற்றுக்காக அங்கே உட்காருவேன், அவ்வளவுதான்.

ஆடி 24, சனி

வெள்ளையடிப்பு முடிந்தது. சுண்ணாம்பு வாசனையில் தும்மல்.

நான் சமையல் கட்டில் இருந்தபோது பள்ளிக்கூட வாத்தியாரம்மா பூங்கோதை வந்து வெற்றிலை மாற்றிவிட்டுப் போனாளாம். மகனுக்குப் பழனியில் வைத்துத் தாலி. ஞாயிறு சாயங்காலம் இங்கே வரவேற்பு. பையன் தானாகப் பார்த்த பெண். இரண்டு பக்கத்துச் சொந்தமும் கோயிலுக்கு வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். "கோயிலுக்குத்தான் யாரும் வரல, அந்தச் சாயங்காலத்துக்காச்சும் ஊரு வந்து நிக்கோணுங்க" என்று சுகந்தியிடம் அழுதிருக்கிறாள்.

"என்னிக்கு?" என்றேன்.

"ஆகஸ்ட் முப்பத்தொண்ணுங்கத்தை. கட்டம் பச்சையா இருந்துது, போட்டுட்டேன்."

பச்சையாக இருந்தால் சரி. ஆகஸ்ட், செப்டம்பர் எல்லாம் அவள் பாடு.

ஆவணி 3, செவ்வாய்

ஆவணியின் முதல் கல்யாணத்துக்குத் தோரணம் கட்டியாயிற்று. ஏசி நன்றாகக் குளிர்கிறது. எதிரே இருட்டு.

ஆவணி 4, புதன்

பூங்கோதை பத்திரிகை கொண்டுவந்தாள். மஞ்சள் தடவி, தட்டில் வைத்து, என் கையில் கொடுத்தாள். ஊர் முழுக்கக் கொடுத்தாயிற்றாம். முதல் பத்திரிகையை நான்கு வருஷமாகப் பேசாத நாத்தனார் வீட்டில் வைத்தாளாம். பெரிய மண்டபம் என்று பார்த்ததும் அந்த நாத்தனாரே வருகிறேன் என்றாளாம்.

பத்திரிகையின் மேலே வழக்கம்போலத் தமிழ்த் தேதி. ஆவணி மாதம் 15ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணி முதல்.

ஆவணி பதினைந்து.

சென்னியப்பன் மகளுக்குப் பதினாறு விடிகாலை முகூர்த்தம். அப்படியென்றால் பதினைந்து மத்தியானமே சமையல்காரர் அடுப்பு மூட்டிவிடுவார். சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். பெரிய விருந்தே அன்றைக்குத்தான். மறுநாள் தாலியைப் பார்ப்பவர்கள் பாதிப் பேர். முதல் நாள் சாப்பிடுபவர்கள் முழு ஊர்.

பூங்கோதைக்கு முறுக்கும் காபியும் கொடுத்து அனுப்பினேன். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அவள் தெருமுனை திரும்பியதும் சுகந்தியைக் கூப்பிட்டேன். பெட்டியைத் திறந்து காட்டினாள். ஆகஸ்ட் பக்கத்தில் கடைசிக் கட்டம் சிவப்பு. அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். செப்டம்பர் முதல் கட்டம் சிவப்பு. ஒரு பக்கத்தின் வாலும் அடுத்த பக்கத்தின் தலையும். இரண்டையும் சேர்த்து யாரும் பார்க்கவே முடியாது.

"ரெண்டும் வேற வேற நாளுங்களே அத்தை" என்றாள். பிறகு அவளுக்கே உறைத்து, வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

ஆவணி 5, வியாழன்

மேஸ்திரி வீட்டுத் தாலி ஏறியதும் மோகனாவைத் திருப்பூரிலிருந்து வரவழைத்தேன். எடுத்த எடுப்பில் கேட்டேன்: "கலியாணத்துக்கு முதல் நாள் சாயங்காலமே மண்டபம் போயிரும்ங்கறது உனக்குத் தெரியாதா?"

"தெரியாதுங்கம்மா. அதான் கேட்டனுங்களே. நீங்க ஒரு நாளுன்னு சொன்னீங்க."

சொன்னேன். எந்த நாற்காலியில் உட்கார்ந்து சொன்னேன் என்பதுகூட நினைவிருக்கிறது. ஆனால் ஒரு கல்யாணம் ஒரு நாள் என்றால் அதற்குள் முதல் நாள் சாயங்காலமும் அடக்கம். இதைத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா? அரிசி என்றால் தண்ணீர் ஊற்றித்தான் வேகும் என்று சமையல்காரனுக்குச் சொல்கிறோமா?

அவளிடம் இப்படியேதான் கேட்டேன். "சொல்லாதது உள்ள போகாதுங்கம்மா. மெஷினுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பதிலுக்கு நானும் உயர்த்தியிருப்பேன்.

சுகந்தி ஊரில் உள்ள மண்டபங்களுக்கெல்லாம் போன் போட்டாள். திங்கள் முகூர்த்த நாள்; ஞாயிறு சாயங்காலம் எங்கும் காலி இல்லை. அவர்களுக்கெல்லாம் முதல் நாள் சாயங்காலம் தெரிந்திருக்கிறது.

கடைசியில் மெதுவாக, "சின்ன மண்டபம் சும்மாதான் இருக்குதுங்கத்தை" என்றாள்.

நான் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன்.

ஆவணி 6, வெள்ளி

பூங்கோதை வீட்டுக்கு நானே போனேன். நாளை மாற்ற முடியுமா, சனிக்கிழமை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கத்தான் போனேன். கூடத்தில் அவள் மகனும் அந்தப் பெண்ணும் தரையில் உட்கார்ந்து, யார் யார் வருவார்கள் என்று விரல்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "பெரிய மண்டபத்தம்மாவே வந்துட்டாங்க பாரு!" என்று பூங்கோதை அந்தப் பெண்ணை என் காலில் விழச் சொன்னாள். விழுந்தது. நல்ல பெண். தலைமுடி அடர்த்தி.

கேட்கவில்லை. வாய்வரை வந்தது, வெளியே வரவில்லை. விபூதி பூசிவிட்டு வந்துவிட்டேன்.

சென்னியப்பன் வீட்டில் கேட்க முடியாது. அவர்கள் ஆனியிலேயே வெற்றிலை மாற்றியவர்கள். ஒரு வெற்றிலைக்கு இன்னொரு வெற்றிலையை நான் பொய்யாக்க முடியாது.

ஆவணி 7, சனி

முட்டி வலி. எங்கும் போகவில்லை.

ஆவணி 8, ஞாயிறு

போனேன்.

ரோட்டைத் தாண்டினால் கேட்டு. கேட்டில் பெயிண்ட் உரிந்திருக்கிறது. மாரா மண்டபத்து வாசலில் நாற்காலி போட்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா" என்றாள். நேற்றுத்தான் வந்துவிட்டுப் போனவளைக் கூப்பிடுகிற மாதிரி.

"உக்கார வரல. ஒரு சோலியா வந்தேன்."

"நின்னுட்டே சொல்ற சோலிங்களா?"

முட்டி வலிக்கிறதே என்று உட்கார்ந்தேன். விஷயத்தைச் சொன்னேன். சுருக்கமாகத்தான். அவள் கீரையை உருவுவதை நிறுத்தவில்லை.

"சென்னியப்பன் வூட்டுக்கு மொத நாளு பொழுதோடவே சனம் வந்துருமே. கம்ப்யூட்டர் போட்ட புள்ளைக்கு அது தெரியாதுங்களா?"

"சொன்னாத்தான தெரியும்" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது.

மாரா கீரையைக் கீழே வைத்தாள். "அப்படிங்களா. சொல்லாட்டித் தெரியாதுங்களா?"

அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

"எம் பையன் கலியாணத்துக்கு மொத நாளு சாயங்காலம் நீங்க வரவே இல்லீங்க்கா."

"நீ என்ன சொன்னே? திங்கக்கெழமை காலைல முகூர்த்தம்னுதான சொன்னே?"

"ஆமாங். முகூர்த்தத்தைச் சொன்னேன். அதுக்குள்ள மொத நாளு சாயங்காலமும் இருக்குதுதானுங்களே? மத்த ஒறம்பரை சனத்துக்கு நேரம் சொல்லுவமுங். பெரியம்மாளுக்கு வேற சொல்லோணுமா? வாசல்ல சந்தனக் கிண்ணத்தோட நீங்கதான் நிக்கோணும்னு வேற ஒருத்தி கைல குடுக்கல நானு. நம்ம நாத்தனாரே கேட்டா, குடுக்கலையே. அக்கா வந்துருவாங்க, அக்கா வந்துருவாங்கன்னு ராத்திரிவரைக்கும் மேசை மேல வெச்சிருந்தேன். காஞ்சு வெடிச்சுப்போச்சு. காலைல தாலி ஏறினதுக்குப் பொறவு வந்து நின்னீங்க. அதுக்குள்ள ரெண்டு பந்தி எந்திரிச்சுருச்சு."

மண்டபத்துக்குள் ஒரு பழைய ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஆளில்லாத மண்டபத்தில் எதற்கு ஃபேன்? அதை அணைக்கச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"ஒரு வார்த்தை சொல்லீருக்கலாமல்லோ" என்றேன்.

"சொல்லீருக்கலாமுங்" என்றாள். "நீங்களும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்."

எழுந்துபோய்ச் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "ஞாயித்துக்கெழமை எடுத்துக்கங்க. ஏசி இல்லீங். உங்க சனத்துக்குச் சேருமா?"

"ஃபேன் இருக்குதல்லோ."

"அந்த ஃபேன் சத்தத்துல மைக் செட்டே வேண்டாமுங்."

நான் சிரிக்கவில்லை. கீரை பாதி கிடந்தது. அப்படியே விட்டுவிட்டு வருவது மரியாதையாக இல்லை என்று மீதியை உருவிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆவணி 9, திங்கள்

பூங்கோதையிடம் சொன்னேன். தப்பு நடந்துபோயிற்று, ரோட்டுக்கு இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம் என்றேன். முகம் சுண்டிப்போயிற்று. "சனம் வந்துட்டுத் திரும்பிப் போயிருமுங்களே" என்றாள். "ஒருத்தர் திரும்பிப் போகமாட்டாங்க. நான் பொறுப்பு" என்றேன். நான் சொன்னால் சொன்னதுதான். அவளுக்கும் அது தெரியும்.

ஆவணி 10, செவ்வாய்

மோகனாவை மறுபடி வரச் சொன்னேன்.

"இனிமே ரெண்டு கட்டம். மண்டபம் திறக்கற நாள் ஒண்ணு, பூட்டற நாள் ஒண்ணு. மணியும் வேணும். முகூர்த்தம் அதுக்கு நடுவுல தனியா."

"ரெண்டு கட்டங்களாம்மா?"

"சிரிக்காதே."

"சிரிக்கலீங்கம்மா."

"உள்ளுக்குள்ள சிரிக்கறே. உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு."

சாயங்காலத்துக்குள் முடித்தாள். இனி ஒரு விசேஷத்தின் நேரத்துக்குள் இன்னொன்றைப் போட்டால் அதுவே முடியாது என்று சொல்லிவிடுமாம். மாதம் மாறினாலும் விடாதாம். சோதித்துப் பார்க்க, சென்னியப்பன் கல்யாணத்தின் முதல் நாள் சாயங்காலத்தில் ஒரு காதுகுத்தைப் போட்டேன். உடனே சிவப்பாக ஒரு வரி வந்தது. படிக்கச் சொல்லிக் கேட்டேன். "இந்த நேரத்தில் மண்டபம் வேறொருவருடையது."

நல்ல மரியாதையான வாசகம். அப்படியே இருக்கட்டும் என்றேன். தமிழ்த் தேதியும் இப்போது பக்கத்திலேயே தெரிகிறது. அதை முதலிலேயே வைத்திருந்தால் இவ்வளவு அலைச்சல் இல்லை. இது மோகனாவின் தப்பு என்று எழுதிவைக்கிறேன். அவளுக்கு ஒரு தூக்கு முறுக்கு கொடுத்தனுப்பினேன்.

ஆவணி 15, ஞாயிறு

இரண்டு பஸ்ஸும் வந்துவிட்டன. எங்கள் மண்டபத்தில் சென்னியப்பன் வீட்டு விருந்து. வாசலில் நான் நின்றேன். உள்ளே வருகிறவர்களைப் பார்த்ததும் தெரிந்துவிடும், யார் எந்த வீட்டுக்கு என்று. பத்திரிகையை வெளியே எடுக்கும் முன்பே, "வாத்தியாரம்மா வூட்டு விசேஷமா? எதிர்த்தாப்பல, வாங்க" என்று ரோட்டைத் தாண்டி அனுப்பினேன். எங்கள் பீடஸ்டல் ஃபேன்கள் எல்லாம் அங்கே போய்விட்டன. சுகந்தி சீரியல் பல்பை இந்தக் கேட்டிலிருந்து அந்தக் கேட்டுவரை இழுத்துக் கட்டச் சொல்லியிருக்கிறாள். என்னைக் கேட்கவில்லை. அழகாகத்தான் இருந்தது.

சொந்தக்காரர்கள் கொஞ்சம் பேர்தான் வந்தார்கள். ஆனால் அந்த நாத்தனார் வந்துவிட்டாள். பூங்கோதை அவள் கையை விடவே இல்லை. பள்ளிக்கூடத்துப் பழைய பிள்ளைகள் வந்து வந்து நிறைந்தார்கள். சென்னியப்பனிடம் ஒரு வார்த்தை சொன்னேன். விருந்து முடித்தவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டே அந்தப் பக்கம் போய் வாழ்த்திவிட்டு வந்தார்கள். ஒரு கட்டத்தில் ரோடு எது, மண்டபம் எது என்று தெரியவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார நேரமில்லாமல் நின்றே இருந்தார்கள்.

சின்ன மண்டபத்து வாசலில் மாரா சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள். பச்சைச் சேலை. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். ஒருமுறை கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினாள். நான் கையை ஆட்டினேன், கொசுவுக்கு.

ஆவணி 16, திங்கள்

தாலி ஏறியது. தூங்க வேண்டும்.

ஐப்பசி 6, வியாழன்

மாரா தட்டோடு வந்தாள். பேத்திக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது, உடுமலைக்காரர்கள். சுகந்தி வாசலில் விழுந்தடித்துப் போய் வரவேற்றாள். மாரா தட்டை என் கையில் கொடுத்தாள்.

"அடுத்த வெள்ளிக்கெழமை காலைல முகூர்த்தங்க்கா" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். என் முகத்தையே பார்த்தாள்.

"சரி" என்றேன். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

ஐப்பசி 13, வியாழன்

பொழுது சாயும் முன்பே போய்விட்டேன். மாரா உள்ளே கோலத்துக்குக் காவி தீட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மேசையைக் காட்டினாள்.

கற்கண்டு மட்டம். பன்னீர் போதாது, ஆள் அனுப்பி வாங்கிவரச் சொன்னேன். பழைய ஃபேனை மாற்றச் சொல்லி எத்தனை நாளாயிற்று, இன்னும் மாற்றவில்லை.

சந்தனம் ஈரமாக இருந்தது.